காத்திருந்த இடது கை

கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் 30 வயதைத் தாண்டிவிட்டால், 'இவர் இனி என்ன சாதிக்கப் போகிறார்?' என்று கேட்பது நம்மவரின் வழக்கமாகிவிட்டது. வேகப் பந்து போடுபவர் விஷயத்தில் இக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கலாம். சுழற் பந்துக்காரர் விஷயத்திலோ இது பெரும்பாலும் அநியாயமாகவே முடிகிறது. திலீப் தோஷியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

பாரதம் சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் ராஜ்கோட்டில் பிறந்தவர் தோஷி. ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களில் வங்காளத்தின் சார்பில் ஆடிப் பெயர் பெற்றார். மூக்குக் கண்ணாடி அணிந்த இவர், இடது கையால் பந்தை மெதுவாக உயர்த்திப் போடுவார். தரையில் பட்டதும் அது வலது கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். இடையிடையே திரும்பாமல் நேரே வரும் பந்து ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் கையசைவில் பேதம் தெரியாமல் போடுவதே இக்கலையின் ரகசியம். பல ஆண்டுப் பயிற்சியாலன்றி அது கைவராது.

ஆனால் அதே கலையில் நிகரற்றவராக விளங்கிய பிஷன் சிங் பேடி, தோஷியைவிட ஏறக்குறைய 15 மாதங்களே மூத்தவர். 1966-ஆம் ஆண்டின் இறுதி நாளில் தொடங்கி, 1979 செப்டம்பர் வரையில் பேடி 67 டெஸ்டுகளில் 266 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகியோரும் உடனிருந்த கோஷ்டியில் ஒரே வகைப் பந்து போடும் இருவருக்கு இடமேது? தேர்வாளர்களின் இந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

தோஷி சோர்ந்து உட்காரவில்லை. 1973-இல் இங்கிலாந்து சென்று நாட்டிங்காம்ஷையர் கோஷ்டியில் சேர்ந்தார். குளிரிலும் ஈரத் தரையிலும் பந்து போட்டுத் தம் வித்தையைத் தீட்டிக் கொண்டார்.

பேடியின் கடைசி டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் 1979 செப்டம்பர் 4-இல் முடிந்தது. அடுத்த ஏழாம் நாள் நம் சென்னைச் சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தோஷியின் முதல் டெஸ்ட் ஆரம்பமாயிற்று. அப்போது அவருக்கு வயது 31. முதல் இன்னிங்ஸிலேயே 103 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள்! இத்தனை ஆண்டு காத்திருப்புக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு என்ன வேண்டும்?

1981 பிப்ரவரியில் மெல்போர்னில் நடந்த பந்தயத்தை ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியா ஜயிக்க வேண்டியது 143 ஓட்டங்களே. தோஷியின் காலில் எலும்பு முறிந்திருந்தது. ஆயினும் அவர் ஓய்வை நாடாமல் பந்து போட்டார். 5 விக்கெட்டுகளை வீழ்த்திய கபில் தேவுக்கு அவர் மறுமுனையில் துணை நின்றார். ஆஸ்திரேலியர் 83 ஓட்டங்களில் சுருண்டனர். அதே ஆண்டு நவம்பரில், பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 39 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்து மற்றொரு வெற்றிக்கும் வழி செய்தார்.

1983 செப்டம்பரில், பெங்களூரில் அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிவுற்றது. கிடைத்த நான்கே ஆண்டுகளில் 33 டெஸ்டுகள், 114 விக்கெட்டுகள். முப்பதுக்கு மேல் முதல் டெஸ்ட் ஆடி நூறு விக்கெட்டுகளைக் கடந்தவர்கள் உலகிலேயே வெகு சிலர். 33-ஆம் வயதில் தொடங்கி 216 விக்கெட்டுகள் எடுத்த ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் அவர்களில் முன்னவர். தோஷி 2025 ஜூன் மாதத்தில், தமது 77-ஆம் வயதில் லண்டனில் காலமானார்.

அவருடைய கீர்த்தியை எண்ணி மகிழும் வேளையில் இன்னும் இருவரை நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ரஞ்சிப் பந்தயங்களில் 637 விக்கெட்டுகள் வீழ்த்திய ராஜிந்தர் கோயல் ஒருவர்; பம்பாயின் பத்மாகர் சிவல்கர் மற்றவர். இருவரும் இடது கைச் சுழற் பந்துக்காரரே. 1974-இல் பெங்களூர் டெஸ்டில் பேடி ஆடாதபோதுகூடக் கோயலுக்கு இடம் கிட்டவில்லை. இருவரும் கடைசி வரை ஒரு டெஸ்டேனும் ஆடாமலே விலகினர்.

தோஷிக்குக் கதவு தாமதமாகவேனும் திறந்தது. ஆகையால்தான் அவர் கையில் இருந்தது இன்னதென்று நமக்குத் தெரிந்தது. மற்ற இருவரிடமிருந்து நாடு எத்தனை வெற்றிகளைப் பெற்றிருக்கும் என்பதை இனி யாரும் கணக்கிட முடியாது. ஆட்டக்காரரின் வயதை விசாரிக்குமுன் அவர் போடும் பந்தைத் தேர்வாளர்கள் ஒருமுறை பார்க்கட்டும். நாம் வேண்டுவது அவ்வளவே.