வாசல் முழுக்க சிமென்ட் போடணுமா? வீட்டு நடைபாதைக்கு எந்தக் கல் சரி?

வீடு கட்டி முடிக்கும்போது பட்ஜெட்டும் பொறுமையும் ஒன்றாகத் தீர்ந்திருக்கும். சரியாக அப்போதுதான் மேஸ்திரி கேட்பார்: "முன்னாடி மண்ணா கிடக்கே சார், மொத்தமா சிமென்ட் போட்டுடலாமா?" சேறு வராது, களை பிடுங்க வேண்டாம், கோலம் போடவும் வசதி. அதனால் பெரும்பாலானோர் யோசிக்காமல் "சரி" சொல்லிவிடுகிறோம்.

ஆனா, கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவே எதைப் போடுகிறோம் என்பதில் வீட்டின் தண்ணீர், வெக்கை, வீட்டுப் பெரியவர்களின் பாதுகாப்பு மூன்றும் அடங்கியிருக்கு. எப்படி?

சின்ன கணக்கு

1 சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். அரை கிரவுண்ட் மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீடு போக 400 சதுர அடி காலியாக இருக்குன்னு வைத்துக்கொள்வோம். அது சுமார் 37 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டினால், அந்த இடத்தில் மட்டும் சுமார் 3,700 லிட்டர் விழும். ஆயிரம் லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட நாலு!

மண்ணாக இருந்தால் இதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். மொத்தமும் சிமென்ட் என்றால், கேட்டைத் தாண்டித் தெருவுக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைக்கும் நாம், முன்வாசல் தண்ணீரை மறந்துவிடுகிறோம். 2015-ல் வெள்ளத்தில் தவித்த அதே சென்னைதான், 2019 கோடையில் குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்தது.

கடைக்குப் போகும் முன் 3 கேள்விகள்

1. யார் நடப்பாங்க? வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் வழுக்காத, மேடு பள்ளம் இல்லாத பரப்பு வேண்டும். சக்கர நாற்காலி வரும் என்றால் குறைந்தது 3 அடி அகலம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பது நம் வழக்கம் என்பதால் சூடும் முக்கியம்.

2. வண்டி ஏறுமா? ஆள் மட்டும் நடக்கும் பாதைக்கும் கார் ஏறும் இடத்துக்கும் கல்லின் தடிமன் வேறு.

3. மண் என்ன? கடலோர மணலில் தண்ணீர் சட்டென இறங்கும். களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட சிமென்ட் தளமும் சேர்ந்து வெடிக்கும். அங்கெல்லாம் தேவைப்பட்டால் எடுத்துத் திரும்பப் பதிக்கக்கூடிய கற்களே வசதி.

ஓகே, எதைப் போடலாம்?

பேவர் பிளாக்: எளிதாகக் கிடைக்கும், உடைந்த கல்லை மட்டும் மாற்றலாம். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658. அதன்படி, நடைக்கு மட்டும் என்றால் 50 மி.மீ. தடிமன், கார் போன்ற இலகு வண்டிகள் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ. வாங்கும்போது தடிமனைக் கேளுங்க, முடிந்தால் டேப் வைத்து அளந்தே பாருங்க.

கிராஸ் பேவர்: நடுவில் ஓட்டை உள்ள கல், ஓட்டையில் புல் வளரும். கார் நிறுத்தும் இடத்துக்கு நல்லது, தண்ணீரும் இறங்கும். வெயில் படாத இடத்தில் புல் நிற்காது. ஹீல்ஸ், கைத்தடி, சக்கர நாற்காலிக்குச் சிரமம்.

கடப்பா கல்: பார்க்க அழகு. ஆனா, கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. பாலிஷ் போட்டது மழையில் வழுக்கும். பாலிஷ் போடாத கல்லை, நிழலான இடத்தில் மட்டும் போடலாம்.

கிரானைட்: பல வருஷம் உழைக்கும். வெளியே போடும்போது ஃபிளேம்டு ஃபினிஷ் என்று கேட்டு வாங்குங்க. மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். வெளிர் நிறம் சூட்டைக் குறைக்கும்.

செங்கல்: தோட்டத்துக்குள் போகும் சின்னப் பாதைக்கு ஏற்றது. நன்றாக வெந்த கல்லைக் குத்துக்கல்லாகப் பதித்தால் தாங்கும். ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் பாசி பிடிக்கும்.

ஜல்லி, கூழாங்கல்: செலவு குறைவு, தண்ணீர் நேராக இறங்கும். ஆனா, நடக்கும்போது கல் நகரும். தினமும் நடக்கும் பாதையை விட, ஓரங்களை நிரப்ப நல்லது.

ஆத்தங்குடி டைல்ஸ்: கண்ணாடிமேல் வார்ப்பதால் வழவழப்பாக வரும். வீட்டுக்குள் ராஜா, மழை படும் வாசலுக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் கடையிலேயே மாதிரிக் கல்லில் தண்ணீர் ஊற்றி, விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. வழுக்கிக்கொண்டு போனால் விட்டுடுங்க.

கல்லை விட, கீழே என்ன?

பாதை அமுங்கிப் போவதற்குக் கல்லைக் குறை சொல்வோம். பல நேரம் தப்பு அடித்தளத்தில்தான். மண்ணைத் தோண்டி, திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி மறுபடி இறுக்க வேண்டும். அதன்மேல் 1 முதல் 2 இன்ச் எம்-சாண்ட், பிறகு கல். ஓரக் கல் வைக்காவிட்டால் வரிசை மெல்ல விலகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பேவர் பிளாக்குக்கு அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்குகளையும் சிமென்ட்டால் அடைத்துவிட்டால், அது இன்னொரு சிமென்ட் தரைதான். இடுக்குகளில் மணல் மட்டும் போதும். அதே மாதிரி, களை வராமலிருக்க அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தாலும் தண்ணீர் இறங்காது.

வாட்டம் வைக்க மறக்காதீங்க. 4 அடி அகலப் பாதைக்குக் குறுக்கே 1 இன்ச் சரிவு போதும். சரிவு வீட்டுச் சுவர் பக்கம் இல்லாமல், செடிகள் பக்கம் இருக்கட்டும்.

கோலத்துக்கு என்ன வழி?

மொத்த இடத்துக்கும் ஒரே கல் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படிக்கு முன்னால் கோலத்துக்கு ஒரு சதுரம் சமதளமாகப் பூசிக்கொள்ளலாம். நடக்க 3 அல்லது 4 அடி பேவர் அல்லது சொரசொரப்பான கிரானைட். மிச்சம் மண்ணாகவே இருக்கட்டும், நாலு செடி வைங்க.

ஏற்கெனவே முழுக்க சிமென்ட் போட்டாச்சா? எல்லாத்தையும் உடைக்க வேண்டாம். வீட்டு அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓடி வரும் பள்ளமான பக்கத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமென்ட்டை மட்டும் வெட்டி எடுங்க. குழி பறித்து ஜல்லி நிரப்புங்க. அடுத்த மழையில் கேட் பக்கம் நின்று பாருங்க. தெருவுக்கு ஓடும் தண்ணீர் குறைந்திருந்தால், அந்த மிச்சம் உங்க மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம்.