சர்க்கரைக்கு முன்னே கிடைக்கும் துப்பு

இத்தாலியின் வடகோடியில் ப்ரூனெக் என்றொரு மலை ஊர். அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை ஆராய்ந்தவர்கள் 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு 'மிர்-126' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குறைந்திருந்தது. இப்படிச் சில மூலக்கூறுகளின் அளவு, நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாறியிருந்தது.

அன்று தொடங்கிய ஆர்வம் இன்றும் தணியவில்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதற்கு அது கடிவாளம் போடுகிறது. 1993-ல் ஒரு புழுவில் அதைக் கண்டறிந்ததற்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் 'மிர்-375' பற்றி 2004-லேயே தெரியும். ரத்தத்தில் இவை புரதங்களோடு ஒட்டியும் நுண்குமிழிகளுக்குள் ஒளிந்தும் சுற்றுவதால் எளிதில் சிதைவதில்லை.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றது 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும், ரத்தசோகை இருந்தால் நம்மை ஏமாற்றலாம். அப்படியிருக்க, முன்கூட்டியே துப்புத் தரும் சோதனையை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சிக்கல் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டினாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். அவற்றிலிருந்து 'மிர்-16', 'மிர்-451' இரண்டும் கொட்டி, அளவுகளைப் புரட்டிவிடும். உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் பிடித்த ரத்தம், இந்த மூலக்கூறுகளை அளக்க உதவும் பி.சி.ஆர். சோதனையையே முடக்கக்கூடும். சுழற்றிப் பிரிக்கத் தாமதமானால் தட்டணுக்களும் தம் பங்குக்குக் கலந்துவிடும்.

மாத்திரையும் குறுக்கே வருகிறது. 'மிர்-126'-ன் கணிசமான பங்கு தட்டணுக்களிலிருந்து வருவது. ஆஸ்பிரின் சாப்பிட்டால் அது குறைகிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. இதயத்துக்காக அந்த மாத்திரையை விழுங்கும் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! அவர்களிடம் தெரியும் குறைவு நோயாலா, மருந்தாலா?

ஒரே மூலக்கூறை நம்பாமல் பலவற்றைச் சேர்த்து அளந்தால் குழப்பம் தீரும் என்கிறார்கள் நம்பிக்கையாளர்கள். தீரலாம். ஆனால், ரத்தம் எடுக்கும் முறையும் அளக்கும் முறையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. இயல்பான அளவு இவ்வளவு என்று பொது வரம்பு இல்லை. நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் இன்றும் பார்ப்பது குளுக்கோஸையும் ஹெச்பிஏ1சியையும்தான். இதற்குள் 'முழு உடல் பரிசோதனை' பட்டியலில் இந்தச் சோதனையும் ஏறிவிட்டால், வரும் எண்ணை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன மருந்து எழுதுவார்?