பழைய காரில் மீட்டர் முள் பொய் சொல்கிறதா? செலவு செய்யும் முன் சோதித்துப் பாருங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்குச் சாலைகளில் பழைய புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, பெரோடுவா கஞ்சில் கார்களை இன்னமும் பார்க்கலாம். முதல் தலைமுறை சாகா 1985 ஜூலையில் அறிமுகமாகி 2008 வரை தயாரிக்கப்பட்டது. 1994இல் வந்த கஞ்சில் 2009இல் நின்றது. ஆகக் கடைசியாக வெளிவந்தவற்றுக்கே 15 வயது தாண்டிவிட்டது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த பல குடும்பங்களில் அப்பா வாங்கிய அதே கார்தான் இன்று பிள்ளையை வேலைக்கு ஏற்றிச் செல்கிறது.

இந்த வயதில் கார்களுக்கு வரும் தொல்லைகளில் ஒன்று மீட்டர் முள். எண்ணெய் முள் அசையாமல் கிடக்கும், அல்லது வெப்ப முள் திடீரென மேலே ஏறும். இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய் முள் பொய் சொன்னால் கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். வெப்ப முள் சொன்ன உண்மையைப் பொய் என்று விட்டுவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். அதைச் சரிசெய்யும் செலவு சில வேளைகளில் காரின் விலையையே எட்டிவிடும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் குறையக் குறைய அதுவும் இறங்கும். அதன் கை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகரும். எஞ்சினில் இருக்கும் வெப்ப சென்சாரில் சூடு ஏறினால் மின்தடை குறையும். டேஷ்போர்டில் உள்ள முள் இந்த மாற்றத்தைத்தான் காட்டுகிறது. பல பழைய கார்களில் முள் மெதுவாகத்தான் ஏறும். வளைவில் டாங்கி எண்ணெய் ஆடும்போது முள்ளும் கூடவே ஆடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். சாவியைத் திருகியவுடன் முள் எழும்பவில்லை என்று பயப்பட வேண்டாம்.

இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் கெட்டால், இரண்டு சென்சாரும் ஒன்றாகப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபியூஸ், மீட்டர் பெட்டியின் எர்த் வயர், பழைய மாடல்களில் மீட்டருக்குச் சீரான மின்னழுத்தம் கொடுக்கும் ரெகுலேட்டர் ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் மீது சந்தேகப்படலாம். முன்விளக்கைப் போட்டதும் முள் இடம் மாறினால் எர்த் சரியில்லை. இதைப் பார்க்காமல் முழு மீட்டர் பெட்டியையும் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி மாற்றுவது வீண் செலவு.

வெப்ப முள் மட்டும் மேலே போனால், அது உண்மை என்று வைத்துக்கொண்டு ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்பதையும், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் அளவையும் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் சாவியைத் திருகியதுமே முள் 'எச்' எழுத்துக்கு ஓடினால் அது சூடு அல்ல. சென்சார் வயரின் உறை தேய்ந்து எஞ்சினில் எங்கோ உரசுகிறது, அல்லது சென்சாரே போய்விட்டது. வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே இறங்கினால் சென்சாரை மாற்றலாம். இறங்காவிட்டால் வயரைத் தேட வேண்டும்.

முள் எழும்பவே இல்லையென்றால் அதே வயரின் முனையை ஒரு சிறிய பல்பு வழியாக எஞ்சின் உடம்பில் தொட வேண்டும். முள் ஏறினால் மீட்டரும் வயரும் நலம். பல்பு இல்லாமல் நேராக வெகுநேரம் தொட்டால் மீட்டர் கருகிவிடும். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மறைதான் எர்த். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அதில் தாராளமாகச் சுற்றிப் பூட்டினால் முள் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று. தண்ணீர் மிகவும் குறைந்துபோனால் சென்சார் நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழேயே இருக்கலாம். முள் ஏறி, சட்டென இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள்.

முள் எப்போதும் குளிர்ச்சியாகவே இருக்கிறதா? நம் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றில் "சூடு வராது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. இது எனக்குப் பிடிக்காத வைத்தியம். எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டாமலேயே ஓடும். எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். கார் பட்டறைக்குப் போய் வந்தபின் முள் ஏறவில்லையென்றால் போமனிடம் இதை முதலில் கேளுங்கள். சந்தேகம் தீர ஒரு வெப்பமானித் துப்பாக்கி போதும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைக் குறிபார்த்தால் சூடான எஞ்சினில் ஏறக்குறைய 80 முதல் 95 பாகை காட்ட வேண்டும்.

எண்ணெய் முள்ளுக்கு வருவோம். முள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதித்தால் மின்தடைப் பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. எப்போதும் கால் டாங்கிக்கே எண்ணெய் போட்டு ஓட்டுபவர்களுக்குக் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும். நிரப்பிய பிறகும் காலி என்றால் மிதவையில் ஓட்டை விழுந்து எண்ணெய் புகுந்திருக்கலாம், அல்லது பிளக் கழன்றிருக்கலாம். பல கார்களில் அந்தப் பிளக் பின் இருக்கையின் அடியில் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் மூழ்கிய கார்களில் இந்த இடத்தில் துரு ஏறியிருக்க வாய்ப்புண்டு. பழைய கார் வாங்குபவர்கள் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

பிளக்கைக் கழற்றினால் முள் ஒரு ஓரத்துக்கும், மீட்டர் வயரைப் பல்பு வழியாக எர்த்தில் தொட்டால் மறு ஓரத்துக்கும் போக வேண்டும். இரண்டு ஓரத்துக்கும் போனால் பழுது டாங்கிக்குள்தான். எண்ணெய் பம்ப்புக்குப் போகும் வயர் அதே பிளக்கில் இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள், சிகரெட் அருகில் வேண்டாம். பெட்ரோல் வாசம் அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். டாங்கியைத் திறக்கும் வேலையையும் வயர்மேனிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

பழுது பார்க்கும் வரை, டாங்கியை நிரப்பி கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் போனது என்று பார்த்தால், உங்கள் கார் ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நெரிசலில் இந்தக் கணக்கு குறையும் என்பதால் கால் டாங்கி மீதமிருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். வெப்ப முள்ளுக்கு இப்படிக் கணக்கு எதுவும் இல்லை. அதைச் சரிசெய்யும் வரை காரை தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.