கணிப்பொறியைக் குளிர்விக்கும் நீரோட்டம்

மின்சாரமும் நீரும் சேரலாகாது என்பது யாவரும் அறிந்த பாடம். எனினும், ஆற்றல் மிக்க கணிப்பொறிகளின் உள்ளே இன்று நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1980-இல் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியும் நீரினாலேயே குளிர்விக்கப்பட்டது. ஒரே கன அளவுள்ள காற்றைவிட நீர் ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது என்பதே இதற்குக் காரணம்.

300 வாட் வெப்பத்தை வெளியிடும் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மீது நிமிஷத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடினால், நீரின் உஷ்ணநிலை சுமார் 4.3 டிகிரி சென்டிகிரேடு உயரும். 2 லிட்டர் ஓடினால் 2 டிகிரியும், 4 லிட்டர் ஓடினால் 1 டிகிரியுமே உயரும். ஆகவே, ஓட்டத்தை ஓரளவிற்கு மேல் பெருக்குவதால் கிட்டும் பயன் சொற்பமே.

4 மீட்டர் உயரத்திற்கு நீரை ஏற்றவல்ல பம்பு தரும் உச்ச அழுத்தம் சுமார் 39 கிலோபாஸ்கல் ஆகும். ஓட்டம் அறவே தடைப்பட்ட நிலையில்தான் இவ்வழுத்தம் தோன்றும்; ஓட்டம் மிகுந்தால் அழுத்தம் குறையும். நீர் நிரம்பிய மூடிய சுற்றில் ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை ஈடுசெய்கிறது. எனவே பம்பு வெல்ல வேண்டியது உயரத்தையன்று, உராய்வையே. ஓட்டம் இருமடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. செப்புத் தகட்டின் நுண்ணிய பள்ளங்களிலும் செங்கோணத் திருப்பங்களிலும் இத்தடை மிகுதி.

ஒழுக்கு பெரும்பாலும் இணைப்புகளிலேயே நேர்கிறது. கால் அங்குல இணைப்புகளில் நீரைத் தடுப்பது மரையன்று. அதன் அடியிலுள்ள ரப்பர் வளையமே. அளவுமீறி முறுக்கினால் வளையம் நசுங்கும். பிளாஸ்டிக் பாகமும் வெடிக்கக்கூடும். ஒரே சுற்றில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

மின்சாரம் தராமல், முதலில் காற்றை மிதமான அழுத்தத்தில் செலுத்திச் சுற்றைச் சோதிப்பது நலம். அழுத்தமானியின் முள் இறங்கினால் ஒழுக்கு உண்டென அறியலாம். அந்நிலையில் சேதம் ஏதும் நேராது. நீர் நிரப்பும்போது பம்பிற்கு மட்டும் தனியே மின்சாரம் தருதல் வேண்டும். பம்பின் தாங்கிகளுக்கு நீரே உயவுப்பொருளாதலால், நீரின்றி அதனை ஓட்டலாகாது.

பள்ளி ஆசிரியர்கள் இக்கருத்தை எளிதில் விளக்கலாம். வாளி நீரில் ஒரு ரப்பர் குழாயை இட்டு, ஒரு லிட்டர் நீர் வடியும் நேரத்தைக் குறிக்கவும். பிறகு குழாயில் நான்கு முழங்கை இணைப்புகளைச் சேர்த்து, வாளியின் நீர்மட்டமும் குழாய் முனையின் உயரமும் மாறாதவாறு மீண்டும் அளக்கவும். நேரம் கூடுவதைக் காணும் மாணவர், திருப்பங்கள் நீரோட்டத்திற்குத் தடை என்பதைத் தாமே உணர்வர்.