முதியவர்களைப் போன் பக்கம் இழுப்பது எது?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். முன்பெல்லாம் இதற்காக வங்கிப் படியேறி, கால் கடுக்க வரிசையில் நின்றார்கள். 2014-இல் 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் சான்று முறை வந்தது. விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் வயது ஏற ஏற ரேகை தேய்ந்துபோகிறது. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் பலருக்குக் கருவி மசியவில்லை. 2021-இல் போன் கேமராவில் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி சேர்ந்தது. மூட்டு வலிக்காரருக்கு இதைவிட வேறு என்ன தூண்டுதல் வேண்டும்?

ஒரு கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் இரண்டு காரணங்களை முன்வைத்தார்: அதனால் பயன் உண்டு என்ற எண்ணம், கையாள எளிது என்ற எண்ணம். இரண்டில் வலுவானது பயன்தான் என்று கண்டார். பயன் தெரிந்துவிட்டால் சிரமத்தையும் பொறுத்துக்கொள்வார்கள்.

முதுமையில் எது பயன் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விடை தருகிறார். மிச்சமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது, புதுமையைத் தேடுவதைவிட மனதுக்கு நெருக்கமானவர்களோடு இருக்கவே விரும்புகிறோம் என்கிறார். வங்கிச் செயலியைத் திறக்கவே தயங்கும் பாட்டி, வெளிநாட்டுப் பேத்தியின் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பை மட்டும் சட்டென எடுப்பது இதனால்தான். டைப் அடிக்க வராதவர்களுக்கு மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பும் வசதி பெரிய வரம்.

தடையாக நிற்பது பெரும்பாலும் பயம். "தப்பா எதையாவது அமுக்கி, பணம் போயிட்டா?" ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் உலவும் காலத்தில் இது நியாயமான பயம். இதை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைத்த தனிக் கணக்கோடு யுபிஐ-யை இணைத்துக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும்.

மீதி பயத்தைக் கூட்டுவது பெரும்பாலும் நாம்தான். "குடுங்க, நானே பண்றேன்" என்று போனைப் பிடுங்கினால் வேலை முடியும், அவர்களுக்கு எதுவும் பழகாது. எழுத்தைப் பெரிதாக்கி, போனை அவர்கள் கையிலேயே விட்டு, அவர்கள் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். எதற்குப் பின் எதை அழுத்துவது என்பதை ஒரு நோட்டில் அவர்களையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் பெரிதாக: ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.