பினாங்குக்கு அலை ஏன் பிந்தி வந்தது?

மாணவர்களே, ஒரு புதிர். 2004 டிசம்பர் 26, மலேசிய நேரப்படி காலை 9 மணி ஆகப்போகிறது. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் பெரும் நிலநடுக்கம். அது தொடங்கிய இடத்திலிருந்து பினாங்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டின் நாகப்பட்டினமோ ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். ஆனால் சுனாமி நாகப்பட்டினத்தைச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் தாக்கிவிட்டது. பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரைகளுக்கு வந்துசேர ஏறத்தாழ 4 மணி நேரம் பிடித்தது. பினாங்கில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பக்கத்து ஊருக்கு அலை ஏன் பிந்தி வந்தது?

இதுபோன்ற கேள்விகளுக்குக் கணினியில் விடை தேடியவர்கள் பினாங்கிலேயே இருந்தார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் துறையில் கோ ஹாக் லாய், தே சூ யென் ஆகியோரின் குழு ‘டூனா’ என்ற சுனாமி மென்பொருளை உருவாக்கியது.

கணினிக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியாது. நாம்தான் சொல்லித் தரவேண்டும். முதலில் கடலின் வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்குள்ள ஆழத்தைக் கொடுக்கிறோம். பிறகு இரண்டு விதிகள். ஒன்று: கட்டத்துக்குள் வந்த நீர் வெளியேறிய நீரைவிட அதிகமானால் மட்டம் உயரும், குறைந்தால் தாழும். மற்றொன்று: அடுத்தடுத்த கட்டங்களில் மட்டம் வேறுபட்டால், உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு ஓட்டம் வேகம் பிடிக்கும். நீர்மட்டம் இடத்துக்கு இடமும் மாறுகிறது, நேரத்துக்கு நேரமும் மாறுகிறது. இந்த இரு மாற்றங்களையும் இணைத்து எழுதுவதே ‘பகுதி வகைக்கெழுச் சமன்பாடு’.

இன்னும் இரண்டு செய்திகள் தேவை. தொடக்கத்தில் நீர் எப்படி இருந்தது? அன்று கடலடி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்தது. எங்கே எவ்வளவு உயர்ந்தது, தாழ்ந்தது என்று தரவேண்டும். இது தொடக்க நிலை. வரைபடத்தின் ஓரத்தில் என்ன நடக்கும்? கரை என்றால் அலை மோதித் திரும்பும். திறந்த கடல் என்றால் வெளியே போய்விடும். இது எல்லை நிலை.

இப்போது ஒரு கட்டத்தாளில் நீங்களே செய்து பாருங்கள். வரிசையாக ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் அகலம், 4,000 மீட்டர் ஆழம். நடுக் கட்டத்தில் மட்டும் நீர் 1 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 2 விநாடி கழித்து என்ன ஆகும்? விதிகளின்படி கணக்கிட்டால் நடுவில் 68 சென்டிமீட்டர், இருபுறமும் 16, 16. கூட்டுங்கள்: சரியாக 100! ஒரு சொட்டும் தொலையவில்லை.

அவசரப்பட்டு ஒரே தாவலில் 10 விநாடி போனால்? நடுவில் நீர் 7 மீட்டர் பள்ளமாகிவிடும்; இருபுறமும் 4 மீட்டர் எழும்பும். கூட்டினால் இப்போதும் 1 மீட்டர்தான், ஆனால் இப்படி ஒரு கடல் உலகில் கிடையாது! அந்த ஆழத்தில் அலை விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும். 5 விநாடியில் ஒரு கட்டத்தையே கடந்துவிடும். ஆகவே நம் தாவல் அதைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் 1928இல் கண்டுசொன்ன நிபந்தனை இது.

புதிருக்கும் விடை இங்கேதான். அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் சுமார் 80. நாகப்பட்டினத்துக்கு ஆழ்கடல் வழி; பிளவு அந்தமான் வரை நீண்டதால் அலை கடக்கவேண்டிய தூரமும் குறைந்தது. பினாங்குக்கு வர, குறுக்கே கிடக்கும் சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் நுழையவேண்டும்.

டூனாவை உருவாக்கிய அதே குழு, பினாங்கின் அலையாத்திக் காடுகள் சுனாமியை எவ்வளவு தணிக்கும் என்றும் கணக்கிட்டது. அதற்குச் சமன்பாட்டில், மரங்கள் ஓட்டத்தைத் தடுக்கும் விசையையும் சேர்க்கவேண்டும்.

2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு இல்லாததால் அந்த 4 மணி நேரம் வீணாயிற்று. இன்று இருக்கிறது. எச்சரிக்கை கேட்டால் உடனே மேட்டுக்குப் போங்கள். முதல் அலை வடிந்தாலும் இறங்காதீர்கள். அடுத்த அலை இன்னும் பெரிதாக வரலாம்.