பென்டிரைவ் எந்த இடத்தில் நின்றது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரில் உள்ள எதையும் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. அந்தப் பென்டிரைவ் கிளம்ப மறுக்கும்போதுதான் சிக்கல். பென்டிரைவ் மட்டம் என்பார்கள். லினக்ஸே ஒத்துவராது என்பார்கள். பயாஸில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றுவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கிளம்புவது ஒரே தாவலில் நடக்கிற காரியமல்ல. செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவது போன்றது. எந்தக் கையில் நின்றதோ, அங்கேதான் முதலில் தேட வேண்டும். அது எந்தக் கை என்பதைப் பெரும்பாலும் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே வரவில்லை, அல்லது அதைத் தேர்ந்தெடுத்தும் நேராக விண்டோஸுக்கே போகிறது என்றால், முதல் கையிலேயே நின்றுவிட்டது. பழைய பயாஸ் பென்டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, அதிலுள்ள சிறு நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். இப்போதைய யுஇஎஃப்ஐ, ஃபேட் முறையில் அமைந்த ஒரு பகுதியைத் திறந்து, குறிப்பிட்ட ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயருள்ள ஃபைலைத் தேடும். இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைலை, சினிமாப் படம் ஏற்றுவது போல வெறுமனே காப்பி செய்தால் இரண்டுக்குமே எதுவும் அகப்படாது. (வென்டாய் என்ற நிரலைப் போட்ட பென்டிரைவ் மட்டும் விதிவிலக்கு.) ரூஃபஸ், எட்சர் போன்ற நிரல்களால்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் விண்டோஸ் சில சமயம் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாத அமைப்பைக் கண்டால் அது அப்படித்தான் கேட்கும். பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு.

பென்டிரைவைக் கண்டுகொண்டு, பாதுகாப்பு விதி மீறல் என்ற செய்தியோடு நின்றால் கதை வேறு. படிக்க முடிந்திருக்கிறது, நம்பத்தான் மறுக்கிறது. செக்யூர் பூட், கையொப்பமுள்ள நிரலையே உள்ளே விடும். அதனால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு நிரலை முன்னே அனுப்புகின்றன. ஆர்ச் லினக்ஸின் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் அது இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய பூட் நிரல்களைச் செல்லாதவை ஆக்கியது. அதுவரை ஓடிய லினக்ஸ் பென்டிரைவ்கள் சில கம்ப்யூட்டர்களில் நின்றுபோயின. பென்டிரைவில் ஒரு பைட்டும் மாறியிருக்கவில்லை. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். தீரும்தான். ஆனால் வட்டு விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது கைவசம் இல்லாதவர் தம் ஃபைல்களையே இழக்க நேரிடலாம். புதிய வெளியீட்டை இறக்கி எழுதிப் பார்ப்பது அதைவிட மலிவு.

லினக்ஸின் மெனு தெரிந்து, அதன்பின் திரை கறுத்தால் பூட் அமைப்புகளை நோண்டுவது வீண். அவை தம் வேலையை முடித்துவிட்டன. கிராபிக்ஸ் கார்டு, குறிப்பாக என்விடியா, முதல் சந்தேகம். உபுண்டு மெனுவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்றே ஒரு வழி இருக்கிறது. லைவ் ஃபைல்களைக் காணவில்லை என்று புலம்பி நின்றால், இறக்கிய ஐஎஸ்ஓ பழுதாகியிருக்கலாம். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, இன்னொரு முறை எழுதினால் பத்து நிமிடம்தானே என்பவர்கள் உண்டு. எழுதும்போது நேர்ந்த பிழை என்றால் அவர்கள் சொல்வது சரி. டவுன்லோடே பழுது என்றால் அதே பழுதைத்தான் பத்து முறையும் எழுதுவார்கள். வெளியீட்டாளர் தரும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். அதுவும் பொருந்தினால், அதே பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாம். அங்கே கிளம்பிவிட்டால், புதுப் பென்டிரைவ் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.